கத்தி வைத்த பூட்டு, மணி வைத்த பூட்டு

திண்டுக்கல் என்ற பெயரை ஒரு தடவை நிதானமாகப் பிரித்துப் பாருங்கள். திண்டு. கல். சாய்ந்து உட்காரத் திண்டு, ஆனால் கல்லால் ஆனது! ஊரை ஒட்டி மொட்டையாக நிற்கிற அந்தப் பாறை மலை, தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ராட்சசன் சாய்ந்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன திண்டு மாதிரி இருக்கிறது. அதனால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். மதுரை நாயக்கர்கள் அதன் மேல் கோட்டை கட்டினார்கள். ஹைதர் அலி வந்தார், திப்பு வந்தார், வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். யாரும் அந்தத் திண்டில் நிம்மதியாகச் சாய்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

உபயோகிக்க முடியாத ஒரு வீட்டுச் சாமானின் பெயரைத் தாங்கி நிற்கிற ஊர் உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா, தெரியவில்லை. ஆனால் உபயோகத்தைப் பற்றிக் கவலையே படாத வீட்டுச் சாமான்களைச் செய்து பெரிய பெயர் வாங்கியவர்கள் ஐரோப்பாவில் நிறையப் பேர் உண்டு. 1990-ல் இத்தாலியின் அலெஸ்ஸி கம்பெனிக்காக பிலிப் ஸ்டார்க் என்ற பிரெஞ்சுக்காரர் எலுமிச்சம்பழம் பிழிய ஒரு சாதனம் செய்தார். மூன்று நீளக் கால், மேலே ஒரு கூம்பு. வேற்றுக் கிரகத்துச் சிலந்தி மாதிரி இருக்கும். விதையை வடிகட்ட அதில் வழி கிடையாது. அதனால் என்ன? வாங்கியவர்கள் அதைச் சமையலறையில் வைக்கவில்லை, வரவேற்பறையில் வைத்தார்கள். 2000-ல் மரைன் வான் டெர் போல் என்ற டிஸைனர், ட்ரூக் என்கிற நெதர்லாந்து அமைப்புக்காக ஒரு நாற்காலி செய்தார். செய்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. எவர்சில்வர் தகட்டில் ஒரு பெட்டி, கூடவே ஒரு சம்மட்டி, அவ்வளவுதான். வாங்கினவர் அதை அடி அடியென்று அடித்து, தனக்கு வேண்டிய நாற்காலியைத் தானே நசுக்கி எடுத்துக்கொள்ள வேண்டும்!

இந்த ஐடியாவைத் திண்டுக்கல் நாகல் நகர் பக்கம் போய்ச் சொல்லிப் பாருங்கள். இரும்பை அடிப்பதற்குக் கூலி வாங்குகிற ஜனங்கள். "அடிக்கிறதும் நானு, காசு குடுக்கிறதும் நானா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

எனக்கு இந்த மாதிரிப் பொருட்கள் மேல் கோபம் எதுவும் கிடையாது. விளையாடாத பொருள் அலுத்துப்போகும். நம் வீடுகளிலும் அந்தக் குறும்பு இருந்திருக்கிறது. தாத்தா காலத்துப் பாக்குவெட்டியை எடுத்துப் பாருங்கள். கிளி, குதிரை, சில சமயம் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற ஜோடி! பாக்கு வெட்ட இரண்டு இரும்புப் பட்டை போதாதா? போதும்தான். ஆனாலும் ஆசாரி கிளி செய்தார்.

அதைவிட விசேஷம் வசுதேவர் கிண்ணம். பித்தளைக் கிண்ணத்துக்குள் குழந்தைக் கிருஷ்ணனைத் தூக்கிக்கொண்டு வசுதேவர் நிற்பார். தண்ணீர் ஊற்ற ஊற்ற யமுனை உயரும். கிருஷ்ணன் காலைத் தொட்டதும், 'சரி, போதும்' என்பதுபோல் மொத்தத் தண்ணீரும் அடியில் உள்ள துளை வழியாக வடிந்துவிடும். பொம்மைக்குள் ஒளிந்திருக்கிற வளைந்த குழாய் செய்கிற மாயம் அது. இதே சூட்சுமத்தில் கிரேக்கர்களும் ஒரு கோப்பை செய்து, பித்தகோரஸ் பேரை வைத்தார்கள். சாமோஸ் தீவில் சுற்றுலாப் பயணிகளுக்கு இன்றும் விற்கிறார்கள். உள்ளே ஒரு கோடு. கோடு வரைக்கும் ஒயின் ஊற்றினால் குடிக்கலாம். பேராசைப்பட்டுக் கோட்டைத் தாண்டினால் ஒரு சொட்டு மிஞ்சாது. எல்லாம் மடியில்!

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்தக் கோப்பை விளையாடுகிறது, கூடவே தண்டிக்கவும் செய்கிறது. தண்டனை என்ன? வேட்டி நனைகிறது, சபையில் நாலு பேர் சிரிக்கிறார்கள், நனைந்தவரும் சேர்ந்து சிரிக்கலாம். அவ்வளவுதான். தண்டிக்கிற பொருள் எது வரைக்கும் போகலாம் என்பதுதான் என் கேள்வி. அதற்குத் திண்டுக்கல்லிலேயே ஒரு சோதனை இருக்கிறது.

பூட்டு.

திண்டுக்கல் பூட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நூற்றைம்பது வருடத்துக்கு மேற்பட்ட தொழில். நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி என்று ஊரைச் சுற்றி வீட்டுக்கு வீடு அரம் சத்தம் கேட்ட காலம் உண்டு. கோயிலுக்கு, ஜெயிலுக்கு, கிட்டங்கிக்கு என்று தூக்க முடியாத கனத்தில் எல்லாம் பூட்டு செய்தார்கள். உள்ளே இருக்கிற விஷயம் எளிமையானது. லீவர் என்கிற சின்னத் தகடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஸ்பிரிங் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் அதற்குரிய தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரு தகடு மயிரிழை குறைந்தாலும் திறக்காது, கூடினாலும் திறக்காது. ஐந்து லீவர், எட்டு லீவர் என்று எண்ணிக்கை கூடக் கூடத் திருடனுக்குத் தலைவலி கூடும். கையால் ராவிச் செய்வதால் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்பதுதான் இந்த ஊர்ப் பூட்டுக்கு இருந்த பெயர்.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். கிளி செய்த ஆசாரி நிறுத்தினாரா? இவர்களும் நிறுத்தவில்லை. மாங்காய் மாதிரி ஒரு பூட்டு. சாவித் துவாரமே கண்ணில் படாத பூட்டு ஒன்று. எங்கோ ஒரு குமிழை அழுத்தினால்தான் ஒரு தகடு நகர்ந்து துவாரம் தெரியும். சாவி கையில் இருந்தும் திருடன் திருதிருவென்று முழிக்க வேண்டியதுதான். அப்புறம் மணிப் பூட்டு. சாவியைத் திருகினால் உள்ளே மணி அடிக்கும். கடைசியாக, திண்டுக்கல் பூட்டைப் பற்றி எழுதுகிற யாரும் சொல்லாமல் விடாத ஒன்று. அந்தக் காலத்துக் கொலைகாரன் பூட்டு. தப்பான சாவியைப் போட்டால் உள்ளேயிருந்து கத்தி பாய்ந்து கையைக் கிழித்துவிடுமாம்.

படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றியது? உண்மையைச் சொல்லுங்கள். 'நல்லா வேணும் அந்தத் திருட்டுப் பயலுக்கு!' என்றுதானே? யாரிடம் இந்தக் கதையைச் சொன்னாலும் முதலில் ஒரு சிரிப்பு வருகிறது. பொருளின் சாமர்த்தியத்தை ரசிக்கிற சிரிப்பு.

இப்போது அந்தக் கதவின் முன்னால் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்ப்போம். தப்பான சாவியோடு வருகிறவர்கள் யார் யார்? திருடன் வருவான், சரி. கரண்ட் போன ராத்திரியில் சாவிக்கொத்தில் தடவித் தடவி எடுக்கிற வீட்டுக்காரரே வருவார். கண் மங்கிய பாட்டி வருவாள். 'அம்மா எடுத்துட்டு வரச் சொன்னாங்க' என்று பக்கத்து வீட்டுப் பையன் வருவான். கத்திக்கு இவர்கள் எல்லாரும் ஒன்று. அது யாரையும் 'நீ யாருப்பா?' என்று கேட்பதில்லை. தப்பான சாவி என்றால் திருடன், திருடன் என்றால் கை போக வேண்டும். விசாரணை, சாட்சி, வாய்தா, அப்பீல் எல்லாவற்றையும் ஒரு ஸ்பிரிங்கில் அடக்கியாகிவிட்டது. செய்த ஆசாரி தன் பட்டறையில் உட்கார்ந்து, முகமே பார்க்காத ஒருத்தருக்கு முன்கூட்டியே தீர்ப்பு எழுதி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்.

நான் பி.காம். ஆசாமி. எதையும் கணக்குப் புத்தகத்தில் வைத்துப் பார்க்கிற வியாதி உண்டு. நூறு பேருக்குக் கடன் கொடுத்தால் ஐந்து பேர் கம்பி நீட்டிவிடுவார்கள் என்று எந்த வியாபாரிக்கும் தெரியும். வாராக் கடன் என்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பாக்கித் தொண்ணூற்றைந்து பேரோடு வியாபாரம் நடத்துவார். ஐந்து பேருக்காக நூறு பேர் கையையும் வெட்டுகிறவர் கடை நடத்த முடியாது.

கற்பனை என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் ஒருத்தர் தன் தோட்டத்தில் அரிய துலிப் பூக்களை வளர்த்தார். திருட்டுப் பயம். காலில் கம்பி தட்டினால் தானாக வெடிக்கிற துப்பாக்கியை உள்ளே வைத்தார். எச்சரிக்கைப் பலகைகூட வைக்கவில்லை. 1825-ல் பக்கத்து வீட்டுப் பெண்மயில் ஒன்று சுவர் தாண்டி அந்தத் தோட்டத்துக்குள் போய்விட்டது. அதைப் பிடித்துக் கொடுக்கலாம் என்று நல்ல மனசோடு ஒரு இளைஞன் சுவர் ஏறிக் குதித்தான். துப்பாக்கி அவன் முழங்காலைப் பதம் பார்த்தது. மயில் பிடிக்க வந்தவனா, பூத் திருட வந்தவனா என்று அதற்கு எப்படித் தெரியும்? 1827-ல் இந்த மாதிரித் துப்பாக்கிகளை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்தது. மறு வருடம் வழக்கில் அந்த இளைஞன் ஜெயித்தான்.

'அவன் அப்பாவி சார், நிஜத் திருடனா இருந்தா?' என்று கேட்பீர்கள். அதற்கும் வழக்கு இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஆள் குடியில்லாத பழைய பண்ணை வீடு. அடிக்கடி திருட்டு. நொந்துபோன சொந்தக்காரர்கள் படுக்கையறைக் கதவில் துப்பாக்கியைக் கட்டி வைத்தார்கள். 1967-ல் ஒருவன் உள்ளே நுழைந்தான். சந்தேகமே இல்லை, திருடத்தான் வந்தான். என்ன திருட? பழைய பாட்டில்களும் பழ ஜாடிகளும்! கதவைத் திறந்ததும் கால் சிதைந்துவிட்டது. 1971-ல் மாநில உச்ச நீதிமன்றம் திருடனுக்கு மொத்தம் முப்பதாயிரம் டாலர் தரச் சொன்ன தீர்ப்பை உறுதி செய்தது. சொத்தைவிட மனுஷ உயிரும் உடம்பும் பெரியது, நேரில் நின்று செய்யக் கூடாததைக் கதவில் கட்டி வைத்தும் செய்யக் கூடாது என்பது சாரம். ஜனங்கள் கொதித்துப் போனார்கள். அந்தச் சொந்தக்காரர்கள் மேல் எனக்கும் இரக்கம் உண்டு. ஆனால் ஜாடிக்குக் கால் என்பது எந்தத் தராசிலும் நிற்காத கணக்கு. நம் ஊரிலும் 1860-ம் வருடத்து தண்டனைச் சட்டம் ஆகட்டும், 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா ஆகட்டும், தற்காப்புக்குத் தேவைப்படுவதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்றுதான் சொல்கின்றன. எவ்வளவு தேவை என்று கத்திப் பூட்டு எப்படி அளக்கும்?

இப்போது மணிப் பூட்டுக்கு வாருங்கள். எனக்கு இதன் மேல்தான் தனி மரியாதை. வீட்டுக்காரர் திருகினாலும் மணி, திருடன் திருகினாலும் மணி. பாரபட்சம் கிடையாது. அது தீர்ப்பு எதுவும் சொல்வதில்லை. 'இங்கே யாரோ கதவைத் திறக்கிறாங்க, வந்து பாருங்க' என்கிறது. மற்றதை மனிதர்களிடம் விட்டுவிடுகிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் 1818-ல் ஜெரமையா சப் என்பவர் செய்த பூட்டும் இந்த ஜாதிதான். கள்ளச்சாவி போட்டு நோண்டினால் உள்ளே ஒரு லீவர் மாட்டிக்கொள்ளும். அடுத்த தடவை சொந்தக்காரர் தன் சாவியைப் போடும்போது திறக்காது. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கப்பலில் அடைத்து வைத்திருந்த ஒரு கைதி, பூட்டுத் திறப்பதில் மன்னன். இதைத் திறந்தால் விடுதலை என்று சொல்லி அவனிடம் கொடுத்தார்களாம். மாதக்கணக்கில் முயன்றுவிட்டு, இதைப் போல ஒரு பூட்டைப் பார்த்ததில்லை என்று கையை விரித்துவிட்டானாம். ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை, கவனியுங்கள்.

மணிப் பூட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசுகிறவன் ஆக மாட்டேன். மணி அடித்தால் கேட்க ஆள் வேண்டும். ஊருக்கு வெளியே தனி வீட்டில் இருக்கிற கிழவிக்கு மணியால் என்ன லாபம்? எதிர்த் திண்ணையில் படுத்திருக்கிற மாமா, மூன்றாவது வீட்டில் விழித்திருக்கிற ஆத்தா, இவர்களை நம்பிச் செய்த பூட்டு அது. தெருவும் சேர்ந்துதான் அந்தப் பூட்டு. இன்றைக்கு அடுக்குமாடியில் பக்கத்து ஃபிளாட்டில் மணி அடித்தால் என்ன செய்வோம்? டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவோம். தெரு இருக்கிறவரை மணி போதும். தெரு காணாமல் போகும்போதுதான் கத்தி மேல் ஆசை வருகிறது. கத்திப் பூட்டை விரும்புகிற மனுஷனைக் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் தனியாக இருக்கிறான்.

ஒழுக்கத்தைப் பொருட்களிடம் ஒப்படைக்கிற இந்தப் பழக்கத்தை ரசித்து எழுதியவர் ப்ரூனோ லாத்தூர் என்கிற பிரெஞ்சுச் சிந்தனையாளர். 2022-ல் காலமானார். பெர்லின் நகரத்தில் பழைய குடியிருப்புகளில் ஒரு விசித்திரச் சாவி இருந்தது. இரண்டு பக்கமும் பல். ராத்திரியில் வெளிக் கதவைத் திறந்த பிறகு சாவியை வந்த வழியே உருவ முடியாது. துவாரத்துக்குள் தள்ளி, உள்ளே போய், மறுபக்கத்திலிருந்து கதவைப் பூட்டினால்தான் கைக்கு வரும். 'தயவுசெய்து கதவைப் பூட்டவும்' என்று போர்டு மாட்டுவதற்குப் பதில் சாவியே அந்த வேலையைச் செய்தது. இதில் குறும்பு இருக்கிறது, கட்டாயமும் இருக்கிறது. ஆனால் மறந்தவருக்குத் தண்டனை, சாவி கிடைக்காது என்பது மட்டும்தான். வசுதேவர் கிண்ணம் ரகம்.

விளையாட்டுப் பொருளுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. யாராவது அதை சீரியஸாக எடுத்துக்கொண்டுவிடுவார்கள். 2008-ல் ஃபேபியன் ப்ரன்சிங் என்ற ஜெர்மன் கலைஞர் ஒரு பெஞ்சு செய்தார். பெஞ்சு முழுக்க முள். ஐம்பது சென்ட் காசு போட்டால் முள் உள்ளே போகும், உட்காரலாம். நேரம் முடிந்தால் 'பீப்' என்று எச்சரித்துவிட்டு முள் மறுபடி எழும்பும்! எல்லாவற்றுக்கும் காசு கேட்கிற உலகத்தைப் பார்த்து அவர் அடித்த கிண்டல் அது. இரண்டு வருடம் கழித்து, சீனாவில் ஒரு பூங்காவில் இதே மாதிரி பெஞ்சை நிஜமாகவே வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. ஜோக்கைக் கேட்டுவிட்டு ஒருத்தர் குறிப்பெடுத்துக்கொண்டு போன மாதிரி! சீனா வரை போக வேண்டாம். 2018-ல் மும்பையில் ஒரு வங்கிக் கிளை வாசலில் யாரும் உட்காரக் கூடாது என்று இரும்பு முள் பதித்தார்கள். ஜனங்கள் சத்தம் போட்ட பிறகு எடுத்தார்கள். வழிப்போக்கன் உட்காருவதற்காக வீட்டுக்கு முன்னால் திண்ணை கட்டியவர்களின் பேரன்கள் நாம். அந்தத் திண்ணைக்கு கிரில் போட்டோம், அப்புறம் இடித்துவிட்டு பைக் நிறுத்தினோம். முள் பெஞ்சைப் பார்த்துச் சிரிக்க நமக்கு முழு உரிமை இருக்கிறதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

கத்தி, முள் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சமாச்சாரம். தெரியாமல் வருகிற கொலைகாரன் பூட்டுகளும் உண்டு. 2020-லிருந்து தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் விரல் ரேகை வைத்து அரிசி வாங்குகிறோம். கள்ளக் கார்டைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் காலமெல்லாம் இரும்பை ராவியவர் விரலில் ரேகை எங்கே இருக்கும்? சுண்ணாம்புக்காரர், தோல் பதனிடுகிறவர், பாத்திரம் தேய்க்கிற அம்மா, எல்லாருக்கும் இதே கதி. மெஷினைப் பொறுத்தவரை அது தப்பான சாவி. கடை ஊழியருக்கு அவரை முப்பது வருடமாகத் தெரிந்திருக்கலாம், மெஷினுக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் சாவி செய்து கொடுத்த கையையே சாவி இல்லை என்று திருப்பி அனுப்பினால் எப்படி? பிற்பாடு கருவிழி பார்க்கிற கருவியையும் கொண்டு வந்தார்கள். விரல் படியாதவர்கள் எல்லாம் திருடர்கள் இல்லை என்று யாரோ மணி அடித்திருக்கிறார்கள். அது யார் காதிலோ விழுந்தும் இருக்கிறது.

திண்டுக்கல்லில் பூட்டுத் தொழிலாளர்களுக்கு 1957-ல் ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கம் உண்டு. அதன் பெயரில் பூட்டோடு ஸ்டீல் பர்னிச்சரும் சேர்ந்தே இருக்கும். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் அதற்கு முன்பே அலிகார் பூட்டும் மெஷின் பூட்டும் கடைகளை நிரப்பிவிட்டன. ஒரு நாளெல்லாம் ராவிச் செய்கிற பூட்டுக்கு, நிமிஷத்துக்கு ஒன்று விழுகிற பூட்டின் விலையைக் கொடுத்தால் யார் அரத்தைத் தொடுவார்கள்? அப்பாவோடு பட்டறை மூடிய வீடுகள் நிறைய. வித்தைப் பூட்டு செய்யத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன.

கொலைகாரன் பூட்டு மறைந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. மணிப் பூட்டு மறைந்தால் வருத்தப்படுவேன். அந்தப் பக்கம் போனால் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் செய்து தரச் சொல்லுங்கள், விலை கொஞ்சம் கூடத்தான் சொல்வார்கள். வாங்குவதற்கு முன்னால் கடை வாசலிலேயே ஒரு தடவை சாவியைப் போட்டுத் திருகுங்கள். மணி சத்தத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.